காதால் கேட்டுப் போட்ட புள்ளி

இந்த வருஷம் ஆரம்பப் பிரிவுக்கு நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் எழுத்தையும் வகுப்பில் எப்படிக் கணிப்பிடுவது என்று எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். அதற்கு வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. கல்வியியல் கல்லூரியிலும் உங்களுக்கு அதைத்தான் சொல்லித் தந்திருப்பார்கள். நான் முப்பத்துநான்கு வருஷம் கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சின்ன வகுப்புகளோடு கிடந்து, முழங்கால் இரண்டும் போய், இப்போது வீட்டில் இருக்கிறவள். ஓய்வு பெற்றால் களைப்புப் போய்விடும் என்று எனக்குச் சொன்னவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முறைகளைப் பற்றி எழுதுவதாக இல்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். புதிதாக வந்த காலத்தில் செய்திருந்தால் அனுபவமில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது, மற்ற ஆசிரியைகள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிற காலத்தில் செய்த பிழை இது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்போது நான் மருதமுனையில் ஒரு பாடசாலையில் மூன்றாம் தரத்துக்கு வகுப்பாசிரியை. முப்பத்தொரு பிள்ளைகள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் முதலாம், இரண்டாம் தரங்களை வீட்டிலேயே கடந்து வந்தவர்கள். பாதிப் பேர் எழுத்துகளை வட்ஸ்அப்பில் படமாகத்தான் பார்த்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் தண்ணீர் ஓடுவதுபோல வாசித்தாள். பெயரை மாற்றி, ஹனா என்று வைத்துக்கொள்கிறேன்.

வாசிப்புக் கணிப்பீட்டுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிடுவேன். பாடப் புத்தகத்தில் படிப்பித்து முடித்த ஒரு பாடத்தை எடுத்து வாசிக்கச் சொல்வேன். அவர்கள் வாசிக்கும்போது நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முந்திய பிள்ளைக்குரிய கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பேன். காது இந்தப் பிள்ளையிடம், கை மற்றப் பிள்ளையிடம். ஒரு காலை வேளைக்குள் பத்துப் பிள்ளைகளை முடித்துவிடலாம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நம்முடைய ஊர்களில் இது இலகுவாக வந்துவிடுகிற பழக்கம். பிள்ளைகள் ஐந்து வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் ஓதப் பழகுகிறார்கள். ஓதுகிற குரலைக் கேட்டே பிள்ளை எந்த அளவில் நிற்கிறது என்று சொல்லிவிடுவோம். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தடங்கலில்லாமல் ஓதினால் மாஷா அல்லாஹ் என்று தலையைத் தடவுவோம். நானும் அப்படித் தடவப்பட்டு வளர்ந்தவள்தான். மனனம் அங்கே பெரிய பேறு, அதில் ஒரு குறையும் காண மாட்டேன். அதே காதைக் கொண்டுவந்து தமிழ் வாசிப்புக்கும் வைத்தேனே, அது என் குறை.

ஹனா வாசித்தபோது நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தாமலே ரசித்தேன். குரல் அவ்வளவு தெளிவு. முற்றுப்புள்ளியில் மூச்செடுத்தாள், கேள்வி வந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். ஒரு தடவை மட்டும் கண்ணைத் தூக்கிப் பார்த்தேன். அவளுடைய விரல் பக்கத்தின் அடியில் இருந்தது, வாய் இன்னும் நடுவிலே நின்றது. சின்னப் பிள்ளைதானே, விரல் முந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு 'மிக நன்று' என்று எழுதினேன். அடுத்த கிழமையே காலைக் கூட்டத்தில் அவளை வாசிக்க விட்டேன். அதிபர் மேடையிலிருந்தே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் எதையோ சாதித்துவிட்டதைப்போல நின்றேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை தகவல் வந்தது, புதன்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்களாம். எங்கள் அதிபர் நல்ல மனிதர். ஆனால் வலயம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு நாளும் கொரிடோரில் நடந்துகொண்டே இருந்தார்.

"டீச்சர், ஒங்கட வகுப்புக்குத்தான் முதல்ல கூட்டிவருவன். அந்த வாசிக்கிற புள்ளய முன்னுக்கு இருத்துங்க."

இருத்தினேன். இதில் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

வந்தவர்களில் ஆரம்பப் பிரிவுக்குரிய அதிகாரி வீரமுனைப் பக்கத்தைச் சேர்ந்த இளைஞர். என் மூத்த மகனின் வயதுதான் இருக்கும். அதிகம் கதைக்காதவர். முஸ்லிம் இல்லையென்றாலும் பிள்ளைகளுக்குச் சலாம் சொல்லத் தெரிந்து வைத்திருந்தார். பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். ஹனாவின் பெயருக்கு நேரே கண் நின்றதைப் பார்த்தேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவர் எழுந்து வாசிப்பு மூலைக்குப் போனார். கயிற்றில் தொங்கவிட்டிருந்த கதைப் புத்தகங்களில் ஒன்றை எடுத்தார். அட்டையில் கடலாமை ஒன்று இருந்தது. அந்தப் புத்தகத்தை என் வகுப்பில் யாருமே திறந்ததில்லை. கிழிந்துவிடும் என்று நானே உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

"மகள், இதுல ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க பாப்பம்."

ஹனா புத்தகத்தை வாங்கி விரித்தாள். ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே தெளிந்த குரலில் தொடங்கினாள்.

"எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. அதில் இரண்டு அணில்கள் ஓடி விளையாடும்..."

கடலாமை கரைக்கு வருகிற படத்தைப் பார்த்துக்கொண்டு, பாடப் புத்தகத்தின் நாலாவது பாடத்தை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகத்தில் எந்த இடத்தில் பக்கம் திரும்புமோ அந்த இடம் வந்ததும் ஆமைக் கதையின் தாளைத் திருப்பினாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கத்தியது. "டீச்சர், ஹனா வேற பாடம் சொல்றா! அது ஆமப் புத்தகம்!"

வகுப்பே சிரித்தது. ஹனா நிறுத்தினாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, சிரித்த பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற அதிபர் தொண்டையைச் செருமினார். அதிகாரியும் என் பக்கம் திரும்பினார்.

இளையவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். வராமல் யாரும் ஓய்வு பெறுவதில்லை. அந்த நிமிஷத்தில் நீங்கள் படித்ததொன்றும் உதவிக்கு வராது. எது முதலில் வாயில் வருகிறதோ அதுதான் நீங்கள். எனக்கு வந்தது ஒரு பொய்.

"புள்ளைக்குக் காய்ச்சல், சேர். நேத்தையிலருந்து சொகமில்ல. அதுதான் ஒரு மாதிரிப் பேசுறா."

சொன்னதோடு விட்டேனா? எழுந்துபோய் அவளுடைய நெற்றியில் கை வைத்தேன். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. "பாருங்க, கொதிக்குது" என்றேன். என் கைக்குக் கீழே அவள் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, ஓம், காய்ச்சல்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"அப்ப புள்ளய இருத்துங்க" என்றார் அதிகாரி.

அவர்கள் போகும் நேரத்தில் என்னைத் தனியாக ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். முன்னால் அவருடைய அறிக்கைத் தாள். பேனை மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"டீச்சர், எந்தப் பக்கத்த வாசிக்கக் குடுத்து இந்த மிக நன்று போட்ட நீங்க?"

"படிப்பிச்ச பாடத்த, சேர்."

"புதுசா ஒரு பக்கமும் குடுக்கல்லயா?"

"இல்ல சேர்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் இத எழுதினா ஒங்களுக்குப் பிரச்சின. எழுதாம விட்டா அந்தப் புள்ளைக்குப் பிரச்சின. நீங்க என்னைவிட எத்தனையோ வருஷம் படிப்பிச்சவங்க. நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?"

அவர் என்னை மதித்துத்தான் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "எழுதாதீங்க சேர்" என்றேன். "நான் பாத்துக்குறன்" என்று ஒரு வாலையும் ஒட்டினேன். அவர் பேனையை மூடினார். சில மாதங்களில் அவரும் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டேனா என்று கேட்க அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அப்படிக் கேட்க ஆளில்லாமல் போவதை அதிர்ஷ்டம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த நாள் ஹனா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அதே பாடசாலையில் எட்டாம் தரத்தில் படித்த அவளுடைய மூத்தவளை, ராத்தாவை, கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவளுக்குக் காய்ச்சல் டீச்சர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பிள்ளைக்கு உண்மையாகவே சுகமில்லையாக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஒரு கிழமை போனது. மறு கிழமையும் பாதி போனது. ஒவ்வொரு நாளும் வரவு இடாப்பில் அவளுடைய கட்டத்தில் பூச்சியம் போட்டேன். காய்ச்சல் என்று காரணம் எழுதும்போது, அந்தச் சொல்லை யார் அவளுக்குக் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. ஜும்ஆத் தொழுகை முடியும் மட்டும் வீட்டில் கிடந்துவிட்டு, தாங்க முடியாமல் கிளம்பினேன்.

அவர்களுடைய வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில். முன்னறையில் பெரிய கைத்தறி ஒன்று அறையை அடைத்துக்கொண்டு நின்றது. உம்மா நெய்துகொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் இறங்கி வந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள். வாப்பா கட்டாரில் வேலை. ஹனா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். திரைச்சீலைக்குக் கீழே அவளுடைய கால்கள் தெரிந்தன.

"டொக்டர்ட்டயும் காட்டினது டீச்சர். ஒண்டுமில்ல எண்டாரு. பகலெல்லாம் நல்லா விளையாடுறாள். காலையாகி பள்ளிக்கூட நேரம் வந்தா காய்ச்சல் எண்டு சுருண்டு படுக்குறாள். என்னெண்டு எனக்கு வெளங்குதில்ல."

நான் பதில் சொல்லுமுன் அவளே ஃபோனை எடுத்தாள். மகள் வாசிக்கிறதை வீடியோ எடுத்து வாப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாளாம். அவர் வேலைத்தளத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டினாராம். "அவரு இதப் பாத்துத்தான் படுக்குற எண்டு சொல்வாரு டீச்சர். நீங்களும் பாருங்க. சத்தம் வராது, ஸ்பீக்கர் பழுதாகிட்டு."

சத்தமில்லாமல் பார்த்தேன். மூன்று மாதமாகக் காதால் கேட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஹனா பாயில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்திருக்கிறாள். வாய் அசைகிறது. கண் புத்தகத்தில் இல்லை, உம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறது. விரல் மட்டும் தன் பாட்டுக்குப் போகிறது. இரண்டாவது வரியை விட்டு மூன்றாவதுக்குப் பாய்கிறது, படத்தின் மேலே ஏறி இறங்குகிறது. பார்க்கத் தெரிந்த எவருக்கும் அரை நிமிஷம் போதும். என்னுடைய மேசைக்கு முன்னால் எத்தனை தடவை நின்றிருப்பாள்.

"ஒங்கட மகளுக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். சுற்றி வளைக்கத் தெம்பு இருக்கவில்லை.

உம்மா சிரித்தாள். "பகிடி பண்றீங்களா டீச்சர்? நீங்கதானே மிக நன்று போட்டீங்க?"

"ஓம், நான்தான் போட்ட. பிழயாப் போட்டுட்டன். அவ வாசிக்கல்ல, பாடமாக்கி வெச்சிருக்கா."

அவளுடைய முகம் மாறியதை நான் வர்ணிக்க மாட்டேன். ராத்தா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். உம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

"அவள்தான் உம்மா ஒவ்வொரு நாளும் வாசிச்சுக் காட்டு ராத்தா எண்டு கேப்பாள். நான் ரெண்டு தரம் வாசிச்சா அவளுக்குப் பாடமாகிடும். எழுத்துச் சொல்லித் தாறன் எண்டா வேணாம் எண்டுவாள். சொன்னா நீங்க ஏசுவீங்க எண்டு சொல்லல்ல."

உம்மா என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அது சின்னப் புள்ள டீச்சர். அது மறைச்சிச்சு. நீங்க மூணு மாசம் பக்கத்துல வெச்சிப் படிப்பிச்சவங்க. ஒங்களுக்கு எப்பிடித் தெரியாமப் போன?"

வகுப்பில் முப்பத்தொரு பேர் என்று சொல்லலாம், பதிவேடுகளைச் சொல்லலாம், மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்களைச் சொல்லலாம். எல்லாம் உண்மை. ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

"இத நான் அவருக்கு என்னெண்டு சொல்ற?" என்று அவள் தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள்.

நான் எழுந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் போய், முழங்கால் விட்ட அளவுக்குக் குனிந்தேன்.

"மகள், ஒனக்குக் காய்ச்சல் இல்ல. அண்டைக்கு நான்தான் பொய் சொன்னன்."

திரைச்சீலை விலகியது. "எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப ஏன் கைய வெச்சிப் பாத்தீங்க?"

"எனக்குப் பயமாயிருந்திச்சி மகள்."

"எனக்கும்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. திங்கட்கிழமை காலையில் அவள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பதிவேட்டை எடுத்து 'மிக நன்று' என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, 'உதவி தேவை' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அதிபர் பதறிப்போனார். மேற்பார்வை முடிந்து ஒப்பமிட்ட பதிவேட்டில் கை வைக்கலாமா என்று கேட்டார்.

"இத ஆரும் கேட்டா நான் என்ன சொல்ற டீச்சர்?"

"டீச்சருக்கு வாசிக்கத் தெரியல்ல எண்டு சொல்லுங்க சேர்" என்றேன். அவருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. பாவம், என்னால் அவருக்கும் தலையிடி.

பிறகு முப்பத்தொரு பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். கயிற்றிலிருந்த கதைப் புத்தகங்களைக் கீழே இறக்கி, யாரும் காணாத பக்கங்களாகக் கொடுத்தேன். எழுதிக்கொண்டு கேட்கவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் நன்று என்று போட்டிருந்தவர்களில் இன்னும் மூன்று பேர் பாடமாக்கிச் சொல்கிறவர்கள். எப்போதும் திக்கித் திக்கிப் பேசுகிற ஒருவனுக்கு உதவி தேவை என்று போட்டிருந்தேன். அவன் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் வாசித்தான், திக்கினான், அவ்வளவுதான். அந்த வருஷத்துப் பதிவேட்டில் எத்தனை கோடு போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஹனாவோடு இடைவேளைகளில் உட்கார்ந்தேன். அதை விபரிக்கப் போவதில்லை, உங்களுக்குத் தெரிந்த வேலைதான். அழகான கதையொன்றும் நடக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. காதால் ஒரு நிமிஷத்தில் பிடிக்கக்கூடிய ஒன்றை எழுத்தெழுத்தாகப் பொறுக்கச் சொன்னால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஒரு நாள் புத்தகத்தை எறிந்தாள். ஒரு நாள் நான் எறிந்தேன். அன்றைக்குச் சிரித்த பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், அவள் மறக்கவில்லை. காலைக் கூட்டத்தில் வாசிக்க வேறு பிள்ளையை விட்டபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கு இருந்த ஒரே பெருமையை நான்தான் கொடுத்து, நான்தான் பறித்தேன் என்று அவள் நினைத்திருந்தால் அது சரிதான். மாதங்கள் போய்ச் சொற்கள் வந்தன. பிறகு வரிகள், ஆனால் மாட்டு வண்டி வேகத்தில். சொல்வதெழுதலில் பாதிக்கு மேல் பிழை.

நீங்கள் இதிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால், புதுப் பக்கம் கொடுங்கள், பிள்ளை வாசிக்கும்போது பிள்ளையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அதை எந்த வழிகாட்டி நூலும் சொல்லும். எனக்குப் பாரமாக இருப்பது வேறு. பிழையாகப் போட்ட புள்ளி என்னைச் சுட்டதைவிட, அதைக் காப்பாற்ற நான் செய்தவைதான் அதிகம் சுட்டன. எட்டு வயதுப் பிள்ளை தனக்குத் தெரியாததை மறைத்தது. அதைத் திருத்த வேண்டியவளே, மறைக்க இன்னொரு வழி இருக்கிறது என்று கை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றரைக் கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வராமல் கிடந்தது அதனால்தான். வராமலே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வருஷக் கடைசியில் முன்னேற்ற அறிக்கை எழுதினேன். மற்ற ஆசிரியைகள், நன்றாக முன்னேறுகிறார் என்று பொதுவாக எழுதிவிடுங்கள், வீட்டில் மனம் சங்கடப்படும் என்றார்கள். எனக்கும் அப்படி எழுதத்தான் ஆசை. வாப்பாவையும் நினைத்தேன். ஆனாலும் எழுதியது இதுதான்: 'புதிய பக்கங்களை மெதுவாக, தடுமாறி வாசிக்கிறார். எழுத்தில் பிழைகள் அதிகம். வீட்டிலும் உதவி தேவை.'

கடைசி நாள் எல்லோருக்கும் அறிக்கையைக் கொடுத்தேன். பிள்ளைகள் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்கள். ஹனா ஓடவில்லை. என் மேசைக்கு முன்னாலேயே தாளை விரித்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் தொடங்கிவிட்டாள்.

"பு... தி... ய. புதிய. ப... பக்... பக்கங்களை."

பெரியவர்கள் வாசிப்பதற்கென்று எழுதிய தாள் அது. வாங்கி மடித்துவிடலாமா என்று கைகூட நீண்டது. மடக்கிக்கொண்டேன். நான் எழுத எடுத்த நேரத்தைவிட அவள் வாசிக்க எடுத்த நேரம் கூட. தடுமாறி என்ற சொல்லில் இரண்டு தடவை நின்றாள், பின்னால் போனாள், திரும்ப வந்து பிடித்தாள். முகம் கொஞ்சம் வாடியது. நிறுத்தவில்லை. உதவி தேவை என்பது வரைக்கும் போய்த்தான் தலையை நிமிர்த்தினாள்.

"தடுமாறி எண்டா தடக்குப்பட்டுத்தானே டீச்சர்?"

"ஓம் மகள்."

"நல்லம் எண்டு ஒண்டும் எழுதல்லயா?"

"இல்ல மகள். இப்ப உள்ளதத்தான் எழுதினன்."

அவள் தாளை இரண்டாக மடித்தாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.

"இத ராத்தாட்ட குடுக்க மாட்டன் டீச்சர். நானே உம்மாக்கு வாசிச்சிக் காட்டுவன். வாப்பா கோல் எடுத்தா அவருக்கும் வாசிப்பன்."

"இதையா மகள்? இதுல ஒன்னப்பத்திக் குறையெல்லாம் எழுதிக் கிடக்கே."

"ஓம். ஆனா இத ஒருத்தரும் எனக்கு வாசிச்சுக் காட்டல்லயே" என்றாள்.

அவள் போன பிறகு வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன்.